போங்கா காட்டுக் காப்பியை வாங்குவது எப்படி?

கேள்வி: எத்தியோப்பியாவில் ஜிம்மாவில் பேராசிரியராக இருக்கிறேன். என் மாணவர் ஒருவரின் குடும்பம் போங்கா பக்கம் காட்டில் காப்பி பறிக்கிறது. அதை நேரே வாங்கி, கோவையில் காப்பி வறுத்து விற்கும் என் தம்பிக்கு அனுப்ப ஆசை. அது உண்மையான காட்டுக் காப்பிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எந்த வழியில் வாங்குவது?

பதில்: வாங்கும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பத்திடமே மூட்டை வாங்கி நீங்களே கப்பலேற்ற முடியாது. அங்கே காப்பி வியாபாரத்தின் ஒவ்வொரு படிக்கும் உரிமம் வேண்டும். ஊரில் சேகரிப்பவர் செப்சாபி, அவரிடம் வாங்கி மேலே அனுப்புபவர் அக்ராபி, அதற்கும் மேலே ஏற்றுமதியாளர். 2024இல் பச்சைக் கொட்டை (வறுக்காத காப்பிக் கொட்டை) ஏற்றுமதியை வெளிநாட்டவருக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் அது ஏற்கெனவே பெரிய அளவில் வாங்கிவரும் நிறுவனங்களுக்கானது.

உங்களுக்குப் பொருந்துவது கூட்டுறவு வழி. குடும்பம் தன் ஊர்ச் சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். சங்கம் காப்பியை, போங்கா இருக்கும் காஃபா வட்டாரத்தின் காஃபா காட்டுக் காப்பி விவசாயிகள் கூட்டுறவு ஒன்றியத்துக்குக் கொடுக்கும், ஒன்றியம் ஏற்றுமதி செய்யும். 2008இல் தொடங்கிய அடிஸ் அபாபா சரக்குச் சந்தை வழியாகப் போகும் காப்பி தரவாரியாக ஒன்றுகூடிவிடுவதால், எந்தக் காட்டில் பறித்தது என்ற விவரம் தொலைந்துபோகும். ஒன்றியங்களுக்கு அந்தச் சந்தைக்கு வெளியே நேரடியாக விற்க அனுமதி உண்டு. லாபம் வந்தால் உறுப்பினருக்கு இரண்டாவது முறையும் பணம் கிடைக்கும்.

சரி, காட்டுக் காப்பி என்றால் என்ன? அராபிகா என்ற காப்பி இனம் தானாக முளைத்து வளரும் காடு தென்மேற்கு எத்தியோப்பியாவில்தான் பெருமளவு இருக்கிறது. அங்குள்ள காஃபா, யாயு ஆகிய இரண்டு காட்டுப் பகுதிகளையும் 2010இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகங்களாக அறிவித்தது. அங்கே கை படாத காட்டுச் செடியில் பறித்ததும் உண்டு. அடர்ந்த மரங்களைக் குறைத்து, ஆண்டுதோறும் புதர் வெட்டி, இடைவெளியில் நாற்று நட்ட இடத்தில் பறித்ததும் உண்டு. இரண்டாவதை அரைக்காட்டுக் காப்பி என்பார்கள். விற்கும்போது இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். புதர் வெட்டாத காட்டில் விளைச்சல் மிகக் குறைவு, அதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாது.

கொட்டையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. காட்டுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். காட்டுச் செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக, உயரமாக, கிளை குறைவாக நிற்கும்; தண்டை வளைத்துப் பிடித்துத்தான் பறிக்க வேண்டும். அடியில் எல்லா வயதுக் கன்றுகளும் கலந்திருக்கும். ஒரே உயரத்தில் வரிசையாகச் செடி நின்றால் அது நட்டது. மாணவரோடு ஒருநாள் நடந்து பாருங்கள்.

தரம் முடிவாவது பறிக்கும் நாளில். அக்டோபரில் தொடங்கி டிசம்பர், சில இடங்களில் ஜனவரி வரை அறுவடை. பழம் ஒரே நேரத்தில் பழுக்காது, மூன்று நான்கு தடவை காட்டுக்குள் போக வேண்டும். வீட்டிலிருந்து காடு தொலைவு, அங்கே குரங்குத் தொல்லை. எல்லை தெளிவில்லாத காட்டில் வேறு யாராவது முந்திப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. அதனால் பலர் காயும் பழமுமாக ஒரேயடியாக உருவிவிடுகிறார்கள். இதை அவர்களின் அலட்சியம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காட்டை இன்னார் பயன்படுத்தலாம் என்று ஊர்க்குழுவுக்கு எழுத்தில் உரிமை கொடுத்த இடங்களில் காத்திருந்து பறிக்க முடிகிறது. ஆகவே சங்கத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஊர்க்குழுவுக்குக் காட்டு உரிமை ஒப்பந்தம் இருக்கிறதா? சிவந்த பழத்துக்குத் தனி விலை கொடுக்கிறீர்களா?

அடுத்தது காயப்போடுதல். பழத்தோடு காய்ந்த காப்பிக்கு அங்கே ஜென்ஃபெல் என்று பெயர். நம் ஊர்த் தோட்டங்களில் செர்ரி என்போமே, அதுதான். மண் தரையில் காய்ந்தால் மண்வாசம் ஏறிவிடும், எவ்வளவு நல்ல பழமானாலும் மீட்க முடியாது. தரையிலிருந்து உயர்த்திய மூங்கில் பரண் அல்லது கம்பி வலை வேண்டும். மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறி, இரவிலும் மழையிலும் மூட வேண்டும். அங்கே அறுவடை நேரத்திலும் தூறல் விழும் என்பதால் மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். ஈரப்பதம் 11 முதல் 12 சதவீதத்துக்குள் வந்த பிறகே மூட்டை கட்டலாம். கையடக்க ஈரமானி ஒன்றைக் கொண்டுபோய்ச் சங்கத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

விலை பேசும்போது அளவைக் கவனியுங்கள். அங்கே பேச்சு ஃபெரசுலா கணக்கில் நடக்கும். ஒரு ஃபெரசுலா 17 கிலோ. 60 கிலோ பச்சைக் கொட்டைக்குச் சுமார் 120 கிலோ ஜென்ஃபெல், அதாவது 7 ஃபெரசுலா வேண்டும். செடியில் பறித்த பழமாகக் கணக்குப் போட்டால் சுமார் 350 கிலோ ஆகும். காட்டுக்குள்ளிருந்து அத்தனையும் முதுகில் சுமந்து வருகிறார்கள். குறைத்துக் கேட்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். இந்தியாவில் காப்பிக்கு இறக்குமதி வரி மிக அதிகம், தாவர நலச் சான்றும் கேட்பார்கள். அடக்க விலையை இந்த வரியோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். முதலில் ஒன்றியத்திடம் மாதிரி வாங்கி, வறுத்துக் குடித்துப் பார்த்து, பிறகு ஒப்பந்தம். கப்பலேற்றும் முன் அதே சரக்கின் முத்திரையிட்ட மாதிரி வர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஓரிரு மூட்டைக்கு இவ்வளவு செலவும் கட்டுப்படியாகாது. கோவையில் இன்னும் நான்கைந்து வறுவல்காரர்கள் சேர்ந்தால் நடக்கும்.

பேச்சை அறுவடைக்குப் பிறகு தொடங்காதீர்கள். பழத்துக்கு உடனே கொடுக்கக் கையில் பணமில்லாமல்தான் பல சங்கங்கள் நல்ல பழத்தை வழியில் நிற்கும் வியாபாரியிடம் இழக்கின்றன. செப்டம்பரிலேயே போங்காவுக்குப் போய் ஒன்றியத்தில் பேசுங்கள், முன்பணம் கொடுக்க முடிந்தால் அப்போதே கொடுங்கள்.