பால் பையை எறியாதீங்க, தங்கச்சி

கல்முனையிலிருந்து கனடாவுக்கு, ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம். பேஸ்மென்ட்டில் இரண்டு அறை. குப்பைத் தொட்டி நிரம்பி மூடி நிமிர்ந்து நிற்குது, வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். ஊரில் ஒரு போத்தல் மூடியைக்கூட எறிந்து பழகாத ஆள், இங்கே எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று கேட்டிருக்கிறீங்க.

வீட்டுக்காரர் சுளிப்பதில் நியாயம் இருக்கு. ரொறன்ரோவில் குப்பை இரண்டு கிழமைக்கு ஒருதரம்தான் எடுப்பாங்க. தொட்டி பெரிசென்றால் மாநகரசபைக் கட்டணமும் பெரிசு. அதுக்காக எல்லாத்தையும் சேர்த்து வைக்கவும் வேண்டாம். பேஸ்மென்ட்டில் ஈரம் நிற்கும், சும்மா அடுக்கின காட்போட் பெட்டிக்குள் கரப்பான் குடிவந்துவிடும். ஒரு சாமானைக் கழுவி வைக்கும்போதே அதுக்கு என்ன வேலை என்று தெரிந்திருக்க வேணும். தெரியாட்டி மீள்சுழற்சிக்கு எடுக்கிற நீலத் தொட்டிக்குப் போகட்டும்.

முதலாவது பால் பை. ஒன்டாரியோவில் 4 லீற்றர் பால் வாங்கினால் ஒரு பெரிய பைக்குள் மூன்று சின்னப் பைகள் வரும், ஒவ்வொன்றிலும் 1.33 லீற்றர். அந்தச் சின்னப் பை கடையில் விற்கிற சாப்பாட்டுப் பையை விடத் தடிப்பு. பால் முடிந்ததும், பையை நிறுத்தி ஊற்றுகிற ஜக்கிலிருந்து எடுத்து, மூலையில் வெட்டின இடத்துக்குக் கொஞ்சம் கீழே, குறுக்கே நேராக வெட்டி வாயைத் திறங்க. முதலில் பச்சைத்தண்ணி விட்டுக் குலுக்கி ஊற்ற வேணும். நேரே சுடுதண்ணி விட்டால் மிச்சப் பால் பையில் ஒட்டிப் பிடித்து, பிறகு எவ்வளவு தேய்த்தாலும் மொச்சை மணம் போகாது. அதுக்குப் பிறகு இளஞ்சூட்டுத் தண்ணியில் ஒரு துளி பாத்திரச் சவர்க்காரம் விட்டு, பையை உள்பக்கம் வெளியே புரட்டி, அடி மூலை இரண்டையும் விரலால் தேய்ங்க. பால் தங்குகிற இடம் அந்த மூலைதான். ஒரு போத்தலில் கவிழ்த்துவைத்து முழுசாகக் காய்ந்த பிறகு மடித்து வைங்க.

தேங்காய் துருவினால் 250 கிராம் அளவில் இந்தப் பையில் போட்டு, கையால் அமத்தித் தட்டையாக்கி, காற்றை வெளியே தள்ளி, வாயை இரண்டு மடிப்பு மடித்துக் கிளிப் போட்டு ஃபிரீசரில் வைக்கலாம். இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேல் போகாட்டி, புட்டுக்கு மா குழைக்கிற நேரத்துக்குள் இளகிவிடும். உருண்டையாக வைத்தால் நடுவில் கல்லாக நிற்கும். காற்றை விட்டுவைத்தால் உள்ளே பனி பூத்து, மீன் என்றால் ஓரம் வெளுத்துச் சக்கையாகிவிடும். பாரை மாதிரி முள்ளுள்ள மீன் பையைக் குத்தும், அதுக்கு இரண்டு பை போடுங்க. பச்சை மீனும் இறைச்சியும் போட்ட பையைத் திரும்பக் கழுவி எடுக்க வேண்டாம், அது ஒருதரத்தோட சரி. கொதிக்கிற கறியையும் இதுக்குள் ஊற்ற வேண்டாம்.

இதே பையின் இரண்டு பக்கத்தையும் வெட்டி விரித்தால் நல்ல தாள். எண்ணெய் தொட்டு ரொட்டி தட்ட, வடை தட்ட ஊரில் வாழையிலை தேடுகிற வேலைக்கு இது போதும்.

அடுத்தது கண்ணாடிப் போத்தல். பாஸ்ரா சோஸ், ஜாம் வருகிற போத்தல்கள் கொச்சிக்காய்த்தூளுக்கும் வறுத்த கறித்தூளுக்கும் அளவானவை. லேபிள் போக, சுடுதண்ணியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டுக் கடதாசியை உரித்து எடுத்துவிட்டு, மிச்சப் பசையில் சமையல் எண்ணெயும் அப்பச்சோடாவும் சம அளவு குழைத்துப் பூசி இருபது நிமிசம் விட்டுத் தேய்ங்க. போத்தலில் மணம் நிற்காது, மூடியில்தான் நிற்கும். மூடிக்கு உள்ளே சுற்றிவர இருக்கிற இறப்பர் பூச்சு சோஸின் மணத்தைக் குடித்துவைத்திருக்கும். அந்த மூடியை அப்பச்சோடாத் தண்ணியில் ஒரு இரவு ஊறவிட்டு, யன்னலடியில் இரண்டு நாள் மல்லாக்கப் போட்டுவைங்க. அதுக்குப் பிறகும் மணம் இருந்தால் அந்தப் போத்தலைக் கறித்தூளுக்கு எடுங்க, தேயிலைக்கு எடுக்காதீங்க. வறுத்த தூள் நல்லா ஆறின பிறகே போட வேணும். சூட்டோட மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் துளி விழுந்த இடம் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும்.

தேசிக்காய் ஊறுகாய்க்குத் தகர மூடி சரிவராது. உப்பும் புளியும் சேர்ந்து பூச்சு கீறுப்பட்ட இடத்தால் அரித்துத் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி உள்ள போத்தலாகப் பாருங்க. ஃபிரீசரில் வைப்பதென்றால் கழுத்து ஒடுங்காத, நேர்ச்சுவர் போத்தல்தான் எடுக்க வேணும், மேலே இரண்டு விரல் இடமும் விட வேணும். தண்ணி உறையும்போது பருக்கும், ஒடுங்கின கழுத்து வெடிக்கும். உறைந்த போத்தலைச் சுடுதண்ணியில் வைத்தாலும் வெடிப்புத்தான்.

இதில் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்க. பச்சை உள்ளியை எண்ணெயில் போட்டுப் போத்தலில் அடைத்துக் குசினி மேசையில் வைக்கக் கூடாது. காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்கிற நோயைத் தருகிற நஞ்சு உண்டாகலாம், மணமும் மாறாது, நிறமும் மாறாது. அதை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் முடிக்க வேணும்.

யோகட் டப்பா 750 கிராம். தயிர் முடிந்த மண்சட்டியில் கொச்சிக்காய்க் கன்று வைத்து வளர்க்கிற ஊர் நம்மட ஊர், அந்த வேலையை இங்கே இதுதான் செய்ய வேணும். மண்சட்டி பக்கத்தாலும் ஈரத்தை விடும், பிளாஸ்டிக் விடாது. ஆகவே அடியில் பென்சில் நுழைகிற அளவில் நாலைந்து ஓட்டை வேணும், இல்லாட்டி வேர் அழுகும். கத்தியால் குத்தினால் அடி நீளத்துக்குக் கீறிவிடும், துளைக்கருவி இருந்தால் அதுதான் நல்லம். டப்பாவின் மூடியையே கீழே தட்டாக வைங்க. விதையை மார்ச் தொடக்கத்தில் போடலாம். பேஸ்மென்ட் நிலம் குளிர், அங்கே வைத்தால் விதை அப்படியே கிடக்கும். ஃபிரிட்ஜின் மேல் வைத்து, முளை தெரிந்த அன்றே யன்னல் வெளிச்சத்துக்கு மாற்றுங்க. வெளியில் நடுவது மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறைக்குப் பிறகு. அதுக்கு முதல் அவசரப்பட்டால் ஒரு இரவுப் பனியில் கன்று கருகும். இந்த டப்பாவில் கறியைப் போட்டு மைக்ரோவேவில் சூடாக்காதீங்க, அது குளிர்ச் சாமானுக்குச் செய்தது.

பழந்துணியில் பருத்தியை மட்டும் வைங்க. ஒரு துளி தண்ணி விட்டுப் பாருங்க, உடனே உறிஞ்சினால் பருத்தி, உருண்டு ஓடினால் பொலியெஸ்டர். மருதமுனைக் கைத்தறிச் சாறன் கொண்டுவந்திருந்தால், அது கிழிந்தாலும் பொன். கழுவிக் கழுவி மெதுவான அந்தத் துணியில் முழச் சதுரமாக வெட்டி ஓரம் மடித்துத் தைத்தால் தேங்காய்ப்பால் பிழிய அதைவிட நல்ல துணி இல்லை.

பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, உறிஞ்சாத அந்தப் பொலியெஸ்டர் துணிகளை உள்ளே அடைத்து இரண்டு பக்கமும் தைத்தால், பனிக்காலத்தில் கதவடியால் வருகிற குளிர்காற்றுக்குத் தடை. கதவின் அகலத்தை விடப் பத்து சென்ரிமீற்றர் கூட வெட்டுங்க. பாரத்துக்கு அரிசி போடச் சொல்லுவாங்க, எலி வரும், போடாதீங்க. வெளிக்கதவுக்கு மட்டும் வைங்க. ஃபேர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்குகிற இயந்திரம், இருக்கிற அறையின் கதவடியையும் காற்றுவழிகளையும் ஒருநாளும் அடைக்கக் கூடாது, அதுக்கு எரியக் காற்று வேணும்.

பாஸ்மதி பையைப் பனிச் சப்பாத்து வைக்க, கடைக்குக் கொண்டுபோக எடுக்கலாம். பல்கனி வெயிலில் மட்டும் விடாதீங்க. வயலில் கிடக்கிற யூரியா பேக் போலச் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

பிளீச், சலவைத் தண்ணி வந்த போத்தலில் குடிக்கிற, சமைக்கிற ஒன்றையும் ஊற்ற வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும்.

தெருவோரம் மற்றவங்க வைத்துவிட்டுப் போகிற சாமானையும் கேட்டிருந்தீங்க. மெத்தை, சோபா தொடவே தொடாதீங்க, மூட்டைப்பூச்சி வந்தால் மருந்தடிக்கிற செலவில் புதிசு வாங்கலாம். மர மேசை, கதிரை என்றால் வெளியில் வைத்தே டோர்ச் அடித்து, ஆணித் துளை, மூட்டு, லாச்சியின் அடிப்பக்கம் பாருங்க. மிளகுப் பொட்டு மாதிரிக் கறுப்புப் புள்ளி இருந்தால் அப்படியே விட்டுவிட்டு வாங்க. துணிச் சாமான் கிடைத்தால் பையில் கட்டி நேரே டிரையருக்குக் கொண்டுபோய், அதிகூடிய சூட்டில் அரை மணித்தியாலம் ஓடவிட்ட பிறகுதான் அறைக்குள் எடுக்க வேணும்.