மறுமலர்ச்சி, மதச் சீர்திருத்தம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

இருபது வருடத்துக்கு மேல் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்தினேன், ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இருப்பவர்களிடம் அதையே சொல்லிப் படுத்திக்கொண்டிருக்கிறேன், இன்று உங்கள் முறை. சுமாராக 1340 முதல் 1560 வரை, இத்தாலியும் ஜெர்மனியும் என் பேட்டை. அதைத் தாண்டிப் போனால் ஒற்றை வரிதான் கிடைக்கும். இரண்டு வேண்டுகோள். எல்லாம் ஒரே தேதியில் தொடங்கியது என்று நம்பிக்கொண்டு வராதீர்கள். படத்தின் மேல் எழுதி வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழியை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

கேள்வி: சார், குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். 1453-ல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்ததும் கிரேக்க அறிஞர்கள் இத்தாலிக்கு ஓடிவந்தார்கள், அதனால்தான் மறுமலர்ச்சி தொடங்கியது என்று படித்தேன். சரியா?

பதில்: தேர்வில் அதையே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். வெளியே வந்ததும் மறந்துவிடுங்கள். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் வெரோனாவில், பண்டைய ரோமின் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தது 1345-ல். ஃபுளோரன்ஸ் அரசின் தலைமைச் செயலராக இருந்த சலுத்தாத்தி முயற்சி எடுத்து, கிறிசோலோராஸ் என்ற கிரேக்க ஆசிரியரைச் சம்பளம் பேசி வரவழைத்தது 1397-ல். அவர் ஓடிவரவில்லை, வேலைக்கு வந்தார். ஓவியத்தில் ஆழம் காட்டும் வித்தையைச் சுவரில் செய்துகாட்டிய மசாச்சியோ 1428-ல் இறந்தே போய்விட்டார், முப்பது வயதுகூட ஆகவில்லை. புருனெலெஸ்கி கீழே மரச்சாரம் முட்டுக்கொடுக்காமல் ஃபுளோரன்ஸ் தேவாலயத்தின் குவிமாடத்தை 1420-ல் தொடங்கி 1436-ல் முடித்தார், 40 லட்சம் செங்கல்லுக்கு மேல் என்பார்கள். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு வருகிறது உங்கள் 1453. ஓடுகிற ஆற்றில் இன்னொரு வாய்க்கால் வந்து கலந்தது, அவ்வளவுதான்.

ஏன் ஃபுளோரன்ஸ் என்று கேட்டால், கம்பளித் துணி வியாபாரம், வங்கி, அப்புறம் அரசனுக்குப் பதிலாக வணிகர்களே நடத்திய நகராட்சி. ஒப்பந்தம் எழுத, பக்கத்து ஊருக்கு மிரட்டல் கடிதம் எழுத நல்ல லத்தீன் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். சிசரோ மாதிரி எழுதத் தெரிந்தவனுக்கு அங்கே வேலை இருந்தது. பழைய நூல்மேல் வந்த காதலுக்குப் பின்னால் இந்த வயிற்றுப்பாடும் உண்டு.

கேள்வி: மோனலிசாவுக்குப் புருவம் ஏன் இல்லை?

பதில்: ஓவியம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: மைக்கேலாஞ்சலோ நாலு வருடம் மல்லாந்து படுத்தபடி சிஸ்டைன் கூரையை வரைந்தாராமே?

பதில்: நின்றுகொண்டு, கழுத்தை ஒடித்துப் பின்னால் சாய்த்து. கழுத்து வலியைத் திட்டி ஒரு கவிதையே எழுதி, ஓரத்தில் தான் நிற்கிற மாதிரி ஒரு கிறுக்கலும் போட்டு வைத்திருக்கிறார். 1508 முதல் 1512 வரை என்பது மட்டும் சரி.

கேள்வி: அதற்கு முன் ஆயிரம் வருடம் ஐரோப்பா இருண்ட காலத்தில்தானே கிடந்தது?

பதில்: அப்படிச் சொல்லிக்கொடுத்ததே பெட்ரார்க்கும் அவர் வழியில் வந்தவர்களும்தான். புதுக்கடை போடுபவன் பழைய கடையைப் பற்றி வேறு என்ன சொல்வான்? பொலோனா, பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்த 'இருட்டில்' முளைத்தவை. டொலேடோவில் உட்கார்ந்து அரபியிலிருந்து அரிஸ்டாட்டிலை லத்தீனுக்குக் கொண்டுவந்ததும் அப்போதுதான். மூக்குக்கண்ணாடிகூட 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த இத்தாலியச் சரக்கு.

கேள்வி: எங்கள் புத்தகத்தில் மறுமலர்ச்சி ஒரு பாடம், மதச் சீர்திருத்தம் அடுத்த பாடம். சிலை செதுக்குவதற்கும், திருச்சபையை எதிர்த்த ஜெர்மன் துறவி லூதருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

பதில்: இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். சிலையை விட்டுவிட்டு எழுத்தைப் பிடியுங்கள், சம்பந்தம் தெரியும்.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பாதியைப் போப்புக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு பழைய சாசனம் இருந்தது. லொரென்சோ வல்லா 1440-ல் அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தார். அப்போது அவர் இருந்தது நேப்பிள்ஸ் அரசர் அல்ஃபோன்சோவின் தயவில், அரசருக்கும் போப்புக்கும் தகராறு, ஆகவே துணிச்சலுக்கு ஒரு குடை இருந்தது. நாலாம் நூற்றாண்டுச் சாசனத்தில் ரோமின் அதிகாரிகளை 'சத்ரப்' என்று, பாரசீக ஆளுநருக்கான சொல்லால், ஏன் எழுதியிருக்கிறது? அந்தக் கால ரோமில் யார் அப்படிப் பேசினார்கள்? லத்தீன் நடையே பிந்தைய காலத்துக் கொச்சை. போலி என்று முடித்தார். வேடிக்கை, அதே வல்லா பின்னால் போப்பின் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அதே மனிதர் லத்தீன் புதிய ஏற்பாட்டையும் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் படியை நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் 1504-ல் லூவன் பக்கத்தில் ஒரு மடத்தில் கண்டெடுத்து மறுவருடம் அச்சிட்டார். அந்தப் பழக்கம் தொற்றிக்கொள்ள, 1516-ல் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டையே வெளியிட்டார். இப்போது மத்தேயு 4:17-க்கு வாருங்கள். லத்தீனில் இருந்த சொற்றொடரைத் 'தவம் செய்யுங்கள்' என்று படிக்கலாம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம், அவர் விதிக்கிற பரிகாரம் என்று போய்விடலாம். கிரேக்கச் சொல்லோ மனம் திரும்புவதைச் சொல்கிறது. தமிழ் விவிலியத்தை எடுத்துப் பாருங்கள், புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 'மனந்திரும்புங்கள்', கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 'மனம் மாறுங்கள்', இரண்டிலும் தவம் செய்யச் சொல்லவில்லை. திருச்சபையோடு வாதம் செய்ய லூதர் 1517-ல் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவது எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? இதே வசனம்தான். வாழ்நாள் முழுக்க மனம் திரும்பியபடி இருக்க வேண்டும் என்கிறார். பழைய எழுத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரு பழக்கம், சிசரோவில் ஆரம்பித்து வேதத்தில் வந்து நின்றது. ஒரு சொல்லின் பொருள் மாறினால் அதன்மேல் கட்டிய கல்லாப்பெட்டியும் ஆடும்.

பணப் பக்கமும் இருக்கிறது. ஆல்பிரெக்ட் என்ற இளவயதுப் பிரபு ஏற்கெனவே ஒரு பேராயர், மைன்ஸ் பேராயர் பதவியும் கூடவே வேண்டும் என்றார். அதற்குப் போப்பின் சிறப்பு அனுமதி வேண்டும், அனுமதிக்குப் பணம் வேண்டும், பணம் ஆக்ஸ்பர்க் ஃபுக்கர் வங்கியில் கடனாக வந்தது. கடனை அடைக்கப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை. பாதி வசூல் வங்கிக்கு, பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட. போப் யார் தெரியுமா? பத்தாம் லியோ, ஃபுளோரன்ஸை ஆட்டிவைத்த, கலைஞர்களை ஆதரித்த வங்கிக் குடும்பத்து லொரென்சோ மெடிசியின் மகன். இரண்டு பாடமும் ஒரே வீட்டில் நடக்கிறது பாருங்கள்.

கேள்வி: சார் 1453 கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ச்சிதானே மறுமலர்ச்சிக்குக் காரணம்?

பதில்: முதல் பதில். படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மெடிசி குடும்பம் இல்லுமினாட்டியா?

பதில்: இல்லுமினாட்டி என்ற ரகசியச் சங்கம் பவேரியாவில் தொடங்கியது 1776-ல். மெடிசி வம்சத்தின் கடைசிப் பெண்மணி இறந்தது 1743-ல். செத்து 33 வருடம் கழித்து யாரும் ரகசியச் சங்கத்தில் சேர முடியாது.

கேள்வி: ஐயா, நான் கத்தோலிக்கன். மேலே 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிப் புத்தகத்திலும் இதே தவறு. திருச்சபை ஒருநாளும் பாவத்துக்கு மன்னிப்பை விற்கவில்லை. பாவத்துக்கு மன்னிப்பு, குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் ஒப்புரவில், அதன்பின் மிஞ்சும் தற்காலிகத் தண்டனையைக் குறைப்பதுதான் பரிபூரண பலன் முதலானவை. திருத்துங்கள்.

பதில்: கோட்பாட்டில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நான் சோம்பேறித்தனமாகப் புழக்கத்தில் உள்ள சொல்லைப் போட்டுவிட்டேன். நிறைய பேருக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

கேள்வி: நான் லூத்தரன். சார், விட்டுக்கொடுக்காதீர்கள். காசு பெட்டியில் விழுந்து கிலுங்கினால் செத்தவர் ஆன்மா, தண்டனை தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து பறக்கும் என்று சீட்டு விற்ற பிரசங்கி டெட்ஸல் பாடினாரே, அது மட்டும் என்ன?

பதில்: டெட்ஸல் வாயிலிருந்து வந்ததாக அந்தப் பாட்டை எடுத்து வராதீர்கள், பொன்மொழி எச்சரிக்கை இங்கேயும் உண்டு. ஆனால் அப்படி ஒரு பிரசங்கம் ஊரில் நடந்தது என்பதற்கு லூதரின் 27-வது கருத்துரையே சாட்சி, அதைக் குறிப்பிட்டுத்தான் மறுக்கிறார்.

கேள்வி: (கத்தோலிக்க நண்பர்) யாரோ ஒரு பிரசங்கி வரம்பு மீறினால் திருச்சபை பொறுப்பா?

பதில்: பிரசங்கி மட்டும் என்றால் விட்டுவிடலாம். 1476-ல் போப் நான்காம் சிக்ஸ்டஸ் இந்தப் பலனை இறந்தவர்களின் ஆன்மாவுக்கும் நீட்டித்தார். உயிரோடிருப்பவன் தனக்காக வாங்கினால் பாவசங்கீர்த்தனம் வேண்டும், மனம் வருந்த வேண்டும். செத்துப்போன அப்பாவுக்காக வாங்குகிறவனுக்கு அது எதுவும் தேவையில்லை, காசு போட்டால் போதும் என்று ஆல்பிரெக்ட் பெயரில் வந்த அறிவுரைக் கையேடே சொல்கிறது. அது பேராயரின் தாள், தெருப் பிரசங்கியின் வாய் அல்ல. அதே சமயம், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1563-ல் இந்த வசூல் முறையைக் கண்டித்தது, 1567-ல் ஐந்தாம் பயஸ் காசுக்குக் கொடுக்கும் பலன்களை ரத்து செய்தார், இதை லூத்தரன் நண்பர்கள் சொல்லவே மாட்டார்கள்.

லூத்தரன் நண்பருக்கு இன்னொன்று. லூதரைக் காப்பாற்றிய சாக்சனி ஆட்சியாளர் ஃபிரெடெரிக் டெட்ஸலைத் தன் எல்லைக்குள் விடவில்லை, சரி. பக்தியால் மட்டுமா? அவரே விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் 19,000-க்கும் மேற்பட்ட புனிதர் எலும்பு, துணி, முள் எல்லாம் சேர்த்து வைத்து, வந்து கும்பிடுபவர்களுக்குப் பலன் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரனை உள்ளே விடுவாரா?

கேள்வி: நீங்கள் மூன்று பேரும் சண்டை போடுங்கள், எங்களுக்கும் கொஞ்சம் பதில் சொல்லுங்கள். லூதர் தன் 95 கருத்துரைகளை விட்டன்பர்க் ஆலயக் கதவில் ஆணி அடித்து மாட்டியது உண்மையா?

பதில்: அவர் எங்கும் அப்படிச் சொன்னதில்லை. 1517 அக்டோபர் 31 தேதியிட்டு ஆல்பிரெக்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது, அது உறுதி. ஆணிக்கதையைப் பரப்பியவர் லூதரின் நண்பர் மெலாங்தன், எழுதியது 1546-ல் லூதர் இறந்த பிறகு, அவரும் 1517-ல் விட்டன்பர்க்கிலேயே இல்லை. லூதரின் உதவியாளர் ரோரர் எழுதிய ஒரு குறிப்பும் உண்டு, அவரும் நேரில் பார்த்தவர் அல்ல. அடித்திருந்தாலும் அதிசயமில்லை, அந்தக் கதவு பல்கலைக்கழகத்தின் அறிவிப்புப் பலகை மாதிரி. லத்தீனில் இருந்த அந்தத் தாளை ஆணி பரப்பவில்லை. அச்சு பரப்பியது, அந்த வருட முடிவுக்குள் லைப்சிக், நியூரம்பர்க், பாசல் மூன்று ஊரிலும் அடித்துவிட்டார்கள். 'இங்கே நிற்கிறேன், வேறு வழியில்லை' என்ற வசனமும் 1521-ல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் லூதரை விசாரித்த பதிவில் இல்லை, அச்சுப் பிரதியில் சேர்ந்தது. பொன்மொழி, எச்சரித்தேன்.

கேள்வி: லூதரை ஏழைகளின் புரட்சியாளர் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். 1525-ல் தென்ஜெர்மன் விவசாயிகள் மெம்மிங்கனில் பன்னிரண்டு கோரிக்கை எழுதினார்கள், வேதத்தையே மேற்கோள் காட்டி. லூதர் முதலில் பிரபுக்களையும் கண்டித்தார். கலவரம் பெரிதானதும் விவசாயிகளை வெட்டிச் சாய்க்கச் சொல்லிப் பிரசுரம் போட்டார். சுமார் 1,00,000 பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1543-ல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதியது இன்னும் மோசம். இதைப் படிக்காமல் லூதர் படத்தை மாட்டாதீர்கள்.

கேள்வி: இந்தச் சண்டைக்கும் தமிழுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா, சார்?

பதில்: நேரடியாகவே. 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற இயேசு சபைத் துறவியின் வேலை, திரெந்து சங்கம் முடிந்து பதினைந்து வருடம்தான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் பாதிரியார் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-ல். அங்கே அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் இங்கே அச்சுக்கூடம் வைத்தன.

கேள்வி: 1453…

பதில்: இல்லை.

கேள்வி: (கத்தோலிக்க நண்பர்) ஐயா, விஷயத்துக்கு வாருங்கள். அந்தச் சொல்லைத் திருத்துவீர்களா மாட்டீர்களா?

பதில்: 'பாவமன்னிப்பு' என்பதை எடுத்துவிடுகிறேன். 'சீட்டு' என்பதை எடுக்க மாட்டேன். ஐரோப்பிய அச்சுக்கலையின் முன்னோடி குட்டன்பர்க் தன் விவிலியத்தை முடிக்கும் தறுவாயில், 1454, 55 வாக்கில், இதே பலனுக்கான தாள்களையும் அச்சடித்தார், அவற்றில் சில இன்றும் இருக்கின்றன. வாசகம் எல்லாம் அச்சில், வாங்குபவர் பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் காலியாக விட்டிருக்கும், பேனாவால் நிரப்பிக்கொள்ள. அதைச் சீட்டு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இனிமேல் 'பலன் சீட்டு' என்று எழுதுகிறேன். லூத்தரன் நண்பருக்கு ஆட்சேபம் இருந்தால் நாளைக்கு வரட்டும், எனக்குச் சாப்பாட்டு நேரம்.