ஏழில் தடுமாறும் கிதார்

அன்புள்ள ஐயா,

முத்தியால்பேட்டையில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறோம். நான் கிதார். நாங்களே அமைத்த ஒரு பாடல் 7/8-இல் இருக்கிறது. பேஸ் கிதார் ஒவ்வொரு சுற்றிலும் 1, 3, 5 ஆகிய இடங்களில் விழும். மனத்துக்குள் ஏழு வரை எண்ணிக்கொண்டே வாசிக்கிறேன். கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும்போது எண்ணிக்கை தப்பிவிடுகிறது. மிருதங்கம் படிக்கும் நண்பன் ‘தகிட தகதிமி’ சொல்லிப் பழகச் சொன்னான். அது பாட்டோடு முட்டுகிறது. என் பாட்டியோ எந்தக் கணக்கும் இல்லாமல் தொடையில் தட்டிக்கொண்டே திருப்புகழ் பாடுகிறார். எனக்கு லய ஞானமே இல்லையோ? ஜூன் 21 உலக இசை நாளில் இதை மேடையேற்ற ஆசை. கைவிட்டுவிடலாமா?

க., புதுச்சேரி

அன்புள்ள க.,

லயம் இல்லாதவருக்கு முட்டுவதே தெரியாது. நண்பர் சொன்ன சொற்கட்டிலும் பிழையில்லை, உங்கள் பாட்டுக்குத்தான் அது ஆகாது. ‘தகிட தகதிமி’ என்பது மிஸ்ர சாபு என்ற கர்நாடக இசைத் தாளத்தின் நடை. முதலில் மூன்று, பிறகு நான்கு. அந்த நான்கு இரண்டிரண்டாகப் பிரிவதால் அழுத்தம் 1, 4, 6-இல் வரும். உங்கள் பேஸ் விழும் இடங்களைப் பார்த்தால் 2+2+3. அதற்கு ‘தகதிமி தகிட’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இதை விலோம சாபு என்பார்கள். சியாமா சாஸ்திரி இதில் கீர்த்தனை செய்திருக்கிறார். பல்கேரியாவின் ரச்செனிட்சா நடனமும் இதே 2+2+3 தான். அதை ஆடுகிறவர்களின் கால் ஏழு எண்ணுவதில்லை. குட்டை, குட்டை, நெட்டை என்று மூன்றே அடிகள்.

7/8 என்ற குறி, ஒரு சுற்றில் எட்டாம் நோட்டுகள் (முழு நோட்டில் எட்டில் ஒரு பங்கு நீளமுள்ளவை) ஏழு என்பதோடு நின்றுவிடும். அவை எப்படிப் பிரிகின்றன என்பதைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே எண்ணுவதை விடுங்கள். ‘இரண்டு’ என்று சொல்லி முடிப்பதற்குள் வேகமான பாட்டில் அடுத்த தட்டு வந்துவிடும். சொற்கட்டில் ஓர் எழுத்துக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான்.

பாட்டியிடம் கணக்கு இல்லை என்று யார் சொன்னது? அருணகிரிநாதர் அதைச் சந்தத்திலேயே வைத்துவிட்டார். குறிலையும் நெடிலையும் அதனதன் அளவில் சொன்னால் கை தானாக விழும். ஒரு வாரம் பாட்டியோடு உட்கார்ந்து தட்டிப் பாருங்கள். கடலூர்ப் பக்கம் வந்தால் திருப்பாதிரிப்புலியூர் கோயில் புறப்பாட்டில் தவிலுக்கு அருகே நின்று கேளுங்கள்.

நீங்கள் தப்பும் இடம் சுற்றின் கடைசி என்று ஊகிக்கிறேன். நாலு நாலாகக் கேட்டே வளர்ந்த உடம்பு, ஏழு முடிந்ததும் எட்டாவது ஒன்றை இளைப்பாறச் சேர்த்துக்கொள்ளும். கார்டு மாற்றும் விரலுக்கும் அந்த இடைவெளி வசதி. அதை முறிக்க ஒரு பயிற்சி உண்டு. கிதாரைத் தொடாமல், ‘தகதிமி தகதிமி’ ஒரு சுற்று, ‘தகதிமி தகிட’ ஒரு சுற்று என மாறி மாறிச் சொல்லி, ஒவ்வொரு ‘த’வுக்கும் கை தட்டுங்கள். எட்டுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ‘தகிட’வை அடுத்து வரும் ‘த’வில்தான் இருக்கிறது, அது கொஞ்சம் அவசரமாக வந்து விழுவதுபோலத் தோன்றும். தோன்றட்டும். அந்த அவசரம் உறுத்துகிற வரைக்கும் கிதாரை எடுக்க வேண்டாம். எடுத்த பிறகும் முதலில் ஒரே கார்டு, மூன்று வீச்சுகள், பேஸோடு சேர்ந்து.

மெட்ரோனோமை (சீராகத் தட்டு ஒலிக்கும் கருவி) ஏழு தட்டுக்கும் ஒலிக்க விடுவது எனக்குப் பிடிக்காது; ஊன்றுகோலாகிவிடும். இரண்டு எட்டாம் நோட்டுகளுக்கு ஒரு தட்டு என்று வையுங்கள். முதல் சுற்றில் 1, 3, 5, 7-இல் ஒலிக்கும். அடுத்த சுற்றில் 2, 4, 6-இல் ஒலித்து எதிராளிபோல நிற்கும். பதினான்கு நோட்டுகள் முடிந்ததும் மறுபடி உங்களோடு சேரும். கலங்காமல் நான்கு நிமிடம் அதோடு ஓட்டினால் மேடைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு முணுமுணுப்பு. ஏழில் வாசிக்கிறோம் என்று அறிவித்துவிட்டு வாசிக்கும் குழுக்களைக் கேட்டால் எனக்குச் சலிப்பு வருகிறது. தாளத்தின் பெயர் தெரியாமலே கேட்பவர் தலையாட்ட வேண்டாமா? நீங்கள் மேடையில் அதைச் சொல்லாதீர்கள்.

பாட்டைக் கைவிட வேண்டாம். ஜூன் 21-க்கு வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சோலோ இருந்தால் இந்த முறை டிரம்ஸ் வாசிப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் எங்கே திரிந்தாலும் நீங்களும் பேஸும் அந்த 1, 3, 5-ஐ விடாமல் பிடித்திருந்தால் போதும்.