வாழைக்கு கரு எங்கேந்து வருது?

கேள்வி: டிஷ்யூ கல்ச்சர் வாழைன்னா கருவை லேப்ல வளர்க்கிறதுன்னு சொல்றாங்களே சார், பழத்துல விதையே இல்லாதப்ப கரு எங்கேந்து வரும்?

பதில்: சரியா மடக்கிட்டீங்க! நர்சரில விக்கிற கன்னுங்க பெரும்பாலும் கருவுலேந்து வர்றதே இல்ல. நல்ல தாய் மரத்தோட பக்கக் கன்னைத் தோண்டி, கிழங்கையும் மட்டையையும் சீவிக்கிட்டே போனா உள்ள வெள்ளையா வளர்நுனி இருக்கும், அதைக் கிருமி நீக்கி, உப்பு, சர்க்கரை, வைட்டமின், ஹார்மோன் கலந்த ஜெல்லில வைப்பாங்க. வெட்டின இடம் கறுத்துப் போறதுதான் ஆரம்பத்துல பெரிய தலைவலி. பிழைச்சிட்டா பக்கத்துலயே புதுக் குருத்துங்க கொத்தா வரும், அதைப் பிரிச்சு திரும்ப வைக்க வேண்டியதுதான். அந்தக் கலவையோட ஃபார்முலா 1962ல முராஷிகே, ஸ்கூக்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க புகையிலைத் திசுவுக்காக உருவாக்கினது, இன்னிக்கும் வாழைக்கு அதுதான் அடிப்படை.

கேள்வி: அப்போ கருங்கிற பேச்சே பொய்யா?

பதில்: பொய் இல்ல, ரெண்டு இடத்துல நிஜமாவே கரு உண்டு. புது ரகம் உருவாக்கறவங்க காட்டு வாழையோட மகரந்தத்தை எடுத்து சாப்பாட்டு வாழைப் பூவுல சேர்ப்பாங்க, மூணு செட் குரோமோசோம் இருக்கிற ரகம்னா ஒரு முழு தாரைப் பிசைஞ்சு தேடினாலும் சில விதைதான் சிக்கும், சில சமயம் ஒண்ணுகூட இருக்காது. அதை மண்ணுல போட்டா முளைக்கிறது அபூர்வம். அதனால கறுப்பா கல்லு மாதிரி இருக்கிற அந்த விதையை மைக்ரோஸ்கோப் அடியில உடைச்சு, உள்ள காளான் வடிவத்துல துளியூண்டு வெள்ளையா இருக்கிற கருவை நசுங்காம எடுத்து ஜெல்லில வளர்க்கறாங்க, பேரு கரு மீட்பு. எனக்கு இந்த வேலை மேல தனி மரியாதை, கை நடுங்கினா ஒரு வருஷ உழைப்பு போச்சு.

ரெண்டாவதுல விதையே தேவையில்ல. வாழைப்பூவை மடல் மடலா உரிச்சு நடுவுல இருக்கிற முதிராத ஆண் பூக்களை 2,4-டி கலந்த ஜெல்லில வைப்பாங்க, ஆமா, களைக்கொல்லியா அடிக்கிற அதே 2,4-டிதான், ஆனா இங்க ரொம்பக் கம்மி அளவு. மாசக்கணக்குல காத்திருந்தா ஒரு சில பூவுல மட்டும் செல் கூட்டம் வந்து, அதுலேந்து கரு மாதிரியே உருண்டைங்க கிளம்பும். மரபணு மாத்தற ஆராய்ச்சிக்கு இது ரொம்ப வசதி.

கேள்வி: லேப் கன்னுக்கு நோயே வராதாமே?

பதில்: நூற்புழு, கிழங்கு வண்டு, வாடல் பூஞ்சை இதெல்லாம் கன்னோட ஒட்டிக்கிட்டு வராது, அவ்வளவுதான். வைரஸ் வேற கதை. தாய் மரத்துல முடிக்கொத்து நோய் இருந்தா பாட்டிலுக்குள்ளயும் சேர்ந்தே பெருகும், அதனால வாங்கும்போது வைரஸ் டெஸ்ட் பண்ணின கன்னான்னு கேளுங்க. நட்டப்புறம் அந்த வைரஸைப் பரப்புற அசுவினிப் பூச்சி வந்தா எந்தக் கன்னுக்கும் அந்த நோய் தொத்தும்.