குழந்தைக்குத் தொண்டை வலி: அஞ்சறைப் பெட்டியில் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் புறநோயாளர் வரிசையில் பாதிப் பேர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள்தான். பதினெட்டு வருடமாகச் சித்த மருத்துவராக இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்தும் இருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா): டாக்டர், என் பையனுக்கு 4 வயது. நேற்றிலிருந்து எச்சில் விழுங்கினால் வலிக்கிறது என்கிறான். மூக்கு ஒழுகுகிறது, லேசான இருமல், உடம்பு 99 டிகிரி. வீட்டிலேயே பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம் அம்மா. மூக்கு ஒழுகலும் இருமலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அது வைரஸ்தான். ஐந்து முதல் ஏழு நாளில் தானாக அடங்கும். ஆன்டிபயாட்டிக் இதற்கு வேலை செய்யாது, கேட்டு வாங்காதீர்கள். கஷாயமும் வைரஸைக் கொல்லப் போவதில்லை. வலி குறைய வேண்டும், பிள்ளை தண்ணீரும் சோறும் உள்ளே இறக்க வேண்டும், ராத்திரி தூங்க வேண்டும். கை வைத்தியத்திடம் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும், இதை அது நன்றாகவே செய்யும்.

படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன். ராத்திரி இருமலுக்கு அவன் வயதில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. அப்புறம் கற்பூரவல்லி (ஓமவல்லி என்றும் சொல்வார்கள்). இரண்டு இலையைக் கழுவி, இடுக்கியில் பிடித்து அடுப்புத் தணலில் மேலாக வாட்டுங்கள். விறைப்பாக இருந்த இலை துவண்டு, ஓம வாசனை எழும்பும்போது எடுத்துக் கசக்கினால் அரை டீஸ்பூன் சாறு வரும். அதோடு தேன் கலந்து காலையில் கொடுங்கள். பச்சை இலைச் சாறு இந்த வயதுக்குக் காரம், அதனால் வாட்டுவதை விடாதீர்கள். சாப்பாட்டுக்குக் காரம் குறைத்த ரசம் விட்டுக் குழைத்த சாதம், கஞ்சி, இளநீர். சாப்பிடவில்லை என்று அழாதீர்கள், குடிக்கிறானா, சிறுநீர் போகிறானா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி (கும்பகோணம், முதல் குழந்தையின் தாய்): 8 மாதப் பெண் குழந்தை. தொண்டை கரகரவென்று சத்தம் வருகிறது. அத்தை நாக்கில் தேன் தடவி, வசம்பு சுட்டு உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது. ஒரு சொட்டுகூட, நாக்கில் தடவக்கூட, கஷாயத்தில் கலந்துகூடக் கூடாது. பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். நம் குடலில் அவை முளைப்பதில்லை. குழந்தையின் குடல் அந்த அளவுக்கு முதிர்ந்திருக்காது. அங்கே முளைத்து நஞ்சை விடும், தசைகள் தளரும். மலம் கட்டுவதில் தொடங்கி, பால் உறிஞ்ச முடியாமல், அழுகுரல் ஈனமாகி, தலை நிற்காமல் தொய்ந்து போகும். மலைத்தேன், சுத்தமான தேன், காய்ச்சிய தேன் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். வீட்டுச் சூட்டில் அந்த வித்துகள் சாகாது.

வசம்பையும் விட்டுவிடுங்கள். அதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர் இருப்பதால் அத்தைக்கு மனம் கேட்காது, புரிகிறது. ஆனால் அதிலுள்ள ஆசரோன் என்ற பொருளை நினைத்து நான் கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பதே இல்லை. உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968இலேயே தடை செய்துவிட்டது. அத்தையிடம் 'டாக்டர் வேண்டாம் என்றார்' என்று என் மேல் போட்டுவிடுங்கள், மனஸ்தாபம் வராது.

தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூக்கு அடைத்திருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு மருந்து இரண்டு சொட்டு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு அடியில் குழி விழுந்தால் அன்றைக்கே மருத்துவமனை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை யாரிடமாவது இருந்தால், 100.4 டிகிரி வந்ததுமே கிளம்புங்கள், வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி (கோவை): உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னால் என் 5 வயது மகள் குடித்துவிடுகிறாள் அக்கா.

பதில்: அவளுக்கு இன்னும் வயது வரவில்லை. பொதுவாக 6 வயது வாக்கில்தான் இது கைகூடும். முதலில் வெறும் தண்ணீரில் பழக்குங்கள். அண்ணாந்து 'ஆ' என்று சத்தம் போட்டபடி பத்து வரை எண்ணித் துப்பத் தெரிந்தால், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. ஒரு நாளைக்கு மூன்று முறை போதும். நீங்களும் கூடவே நின்று கொப்பளித்தால் விளையாட்டாகக் கற்றுக்கொள்வாள்.

கேள்வி (சேலம்): மஞ்சள் மிளகுப் பால் கொடுக்கலாமா? பால் சளியை அதிகமாக்கும் என்கிறார்களே?

பதில்: பால் சளியை உண்டாக்குவதில்லை. எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு டம்ளர் பாலுக்கு இரண்டு சிட்டிகை மஞ்சள் தூள், ஒரு சிட்டிகை நைசாக இடித்த மிளகு, பனங்கற்கண்டு. ஒரு கொதி விட்டு வடிகட்டி, சூடு ஆறி வெதுவெதுப்பானதும் கொடுங்கள். முழு மிளகு போடாதீர்கள், சின்னப் பிள்ளைக்குப் புரையேறும். பனங்கற்கண்டையும் கட்டியாகச் சப்பக் கொடுக்காதீர்கள்.

மஞ்சளை விரலியாக வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்க்கும் கலப்படம் இருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

வாயில் புண், கொப்புளம் இருந்தால் இந்தப் பால் வேண்டாம். தக்காளிக் காய்ச்சல் என்று பேசிக்கொள்கிறார்களே, அந்தக் கை கால் வாய் நோயில் மிளகு பட்டால் பிள்ளை துடித்துப்போகும். அப்போது குளிர்ந்த மோர், தயிர் சாதம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கட வீட்டில மல்லியும் வேர்க்கொம்பும் அவிச்ச தண்ணிதான் குடுக்கிறனாங்கள். 7 வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு குடுக்கலாம்?

பதில்: நீங்கள் வேர்க்கொம்பு என்பதை இங்கே சுக்கு என்கிறோம். நல்ல பழக்கம், தொடருங்கள். ஒரு மேசைக்கரண்டி மல்லி, சுண்டுவிரல் நகமளவு சுக்கு, இரண்டு டம்ளர் நீர், ஒரு டம்ளராகச் சுண்டட்டும். அதில் பாதியை நாள் முழுக்கப் பிரித்துக் கொடுத்தால் போதும். சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிட்டீர்களா? 'கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு' என்று மூத்தவர்கள் சொன்னது சும்மா இல்லை. தோலோடு போட்டால் அழுக்கும் பூஞ்சணமும் சேர்ந்தே கொதிக்கும்.

கேள்வி (மதுரை): மாடித் தோட்டத்தில் தூதுவளை படர்ந்து கிடக்கிறது. பிள்ளை வாயில் வைக்க மாட்டேன் என்கிறானே?

பதில்: முள் குத்தியிருக்கும்! தூதுவளை இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பில் பூனை நகம் மாதிரி வளைந்த முட்கள் இருக்கும். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்த பிறகே சமையல். பத்து இலையை நெய்யில் சுருள வதக்கி, மிளகு சீரகத்தோடு அரைத்து வழக்கமான ரசத்தில் சேருங்கள். கசப்பு தெரியாது. தோசை மாவில் கலந்து நெய் விட்டுச் சுட்டால் என் மகன் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.

கேள்வி (திருநெல்வேலி): தேனில் சுண்ணாம்பு குழைத்துத் தொண்டையில் வெளியே பூசினால் வலி உடனே நிற்கும் என்று அம்மா சொல்கிறார்.

பதில்: வேண்டாம். இதில் நான் சூடு பட்டவள். என் மகளுக்கு மூன்று வயதில் உறவினர் ஒருவர் அன்பாகத்தான் பூசினார். குழைக்கும்போதே கிண்ணம் சுட்டது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அரை மணி நேரத்தில் அழத் தொடங்கினாள். துடைத்துப் பார்த்தால் கழுத்து மடிப்பில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. தழும்பு மறைய ஒரு வருடம் ஆனது. பெரியவர்களின் தடித்த தோல் தாங்கலாம், குழந்தைத் தோல் தாங்காது. வெந்நீரில் பிழிந்த துண்டைக் கழுத்தில் சுற்றிவிடுங்கள், அந்த இதம் போதும்.

கேள்வி (சென்னை): ஆவி பிடிக்க வைக்கலாமா? தேங்காய் எண்ணெயில் சூடம் கரைத்து நெஞ்சில் தடவலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்தோடு உட்காரும் பிள்ளை ஒரு தடவை காலை ஆட்டினால் போதும், தொடையெல்லாம் வெந்துவிடும். சூடம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும், கொஞ்சமே போதும். இரண்டு வயதுக்குக் கீழே தோலில் தடவவும் கூடாது. சாமி அலமாரியில் சூட டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். தொண்டை வலிக்கும் நாட்களில் சாம்பிராணிப் புகையும் கொசுவத்திச் சுருளும் அந்த அறையில் வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): அதிமதுரம் எத்தனை நாள் கொடுக்கலாம்?

பதில்: 6 வயதுக்கு மேல், இரண்டு சிட்டிகைப் பொடி தேனில், மூன்று நாள். இனிப்பாக இருக்கிறதே என்று மாதக் கணக்கில் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும்.

கேள்வி (விருதுநகர்): என் மகளுக்கு 9 வயது. திடீரென்று 102 டிகிரி காய்ச்சல், தலைவலி, வயிற்று வலி. இருமல், சளி எதுவும் இல்லை. தொண்டையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது, கழுத்தில் கட்டி. மூன்று நாளாகக் கஷாயம் கொடுக்கிறேன், குறையவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா?

பதில்: பார்க்க வேண்டாம் அம்மா. இன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் தொண்டைப் புண் வரும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதன் அடையாளம்: திடீர்க் காய்ச்சல், இருமலே இல்லாமை, டான்சிலில் சீழ்ப் படிவு, கழுத்தில் நெறி. தொண்டையில் பஞ்சு வைத்து எடுத்துச் சோதித்து உறுதி செய்வார்கள். இதைக் கவனிக்காமல் விட்டால், தொண்டை ஆறிய இரண்டு மூன்று வாரத்தில் சில பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கி, இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வரும். முப்பது வயதில் வால்வு அறுவைக்கு நிற்கும் பெண்கள் சிலருக்குத் தொடக்கம் சின்ன வயதில் வந்த ஒரு தொண்டை வலி. நோய் தொடங்கி 9 நாளுக்குள் மருந்து ஆரம்பித்துவிட்டால் அதைத் தடுக்கலாம். மூன்று நாள் போய்விட்டது, இன்னும் நேரம் இருக்கிறது.

நான் சித்த மருத்துவர். ஆனாலும் இந்த இடத்தில் பென்சிலின் வகை மருந்துதான் வேண்டும் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. 10 நாள் என்று எழுதிக் கொடுத்தால் 10 நாளும் கொடுங்கள். மூன்றாம் நாளே ஓடி விளையாடுவாள், அப்போது மருந்தை நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடைக்கு ஏற்ற அளவில். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. மருந்தோடு ரசமும் தேனும் தாராளமாகத் தொடரலாம்.

அந்த வெள்ளை, சாம்பல் நிறத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு, கழுத்தும் வீங்கியிருந்தால் அது தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருக்கலாம். சுரண்டிப் பார்க்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோய்க்கான தடுப்பூசியை 6, 10, 14 வாரங்களில் போட்டுவிட்டு ஒன்றரை வயது, 5 வயது, 10 வயது ஊசிகளை மறந்துவிடும் வீடுகள் நிறைய. மற்றவர்களும் இன்றைக்கே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): ஐஸ்கிரீம் சாப்பிட்டதால்தான் வந்ததா?

பதில்: இல்லை, கிருமியால் வந்தது. பெரும்பாலும் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையிடமிருந்து. வலிக்கும்போது கொஞ்சம் குளிர்ச்சி இதமாகவே இருக்கும். பிள்ளையைத் திட்டாதீர்கள்.

கேள்வி (ஓசூரிலிருந்து ஒரு அப்பா): மாதம் தவறாமல் வருகிறது. டான்சிலை எடுத்துவிடலாமா?

பதில்: முதலில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள் தம்பி. ஒரு வருடத்தில் 7 முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 என்று காய்ச்சல், சீழோடு வந்தால்தான் அறுவையை யோசிப்பார்கள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறானா? காலையில் மட்டும் தொண்டை வறண்டு வலிக்கிறதா? அப்படியானால் மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கேள்வி (நாமக்கல்): ராத்திரி நேரத்தில் எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும்?

பதில்: எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், கழுத்தை அசைக்க மறுப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்சில் வழிந்து மூச்சும் திணறினால், டார்ச் அடித்துக் கரண்டியை வாய்க்குள் விட்டுப் பார்க்காதீர்கள், தொண்டை மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம். தண்ணீரும் புகட்ட வேண்டாம். 108ஐக் கூப்பிட்டுவிட்டு, மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். படுக்க வைக்காதீர்கள்.