பார்சிலோனாவில் ராச்சாப்பாடு ஒன்பதரைக்கு: புதிதாக வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீ கேட்டது இதுதான்: "லாத்தா, செப்டம்பரில் மகனைக் கூட்டிக்கொண்டு பார்சிலோனா வருகிறேன். அங்கே மதியச் சோறு இரண்டரைக்கு, ராச்சாப்பாடு ஒன்பதரை பத்துக்கு என்று அவர் சொல்கிறார். ஆறு வயசுப் பிள்ளை அதுவரை பசி தாங்குமா? பேசாமல் நம் வீட்டுக்குள் நம்ம ஊர் நேரத்துக்கே சாப்பிட்டுக்கொண்டால் என்ன?"

விடுமுறைக்கு வந்திருக்கிறேன், கீழக்கரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டு ஊர் நேரமும் இப்போது என் வயிற்றிலேயே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கடிகாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொழுகை நேர அட்டவணையை எடுத்துப் பார். இந்த ஜூலையில் நம்ம ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12.20 வாக்கில். பாங்கு சொல்லி, லுஹர் முடிந்து ஆம்பிளைகள் வீடு திரும்பி, ஒரு மணி ஒன்றரைக்குள் சோறு. பார்சிலோனாவில் இதே ஜூலையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் 2 மணி ஆகப் போகிறது. அவர்கள் அதற்குப் பிறகு இரண்டு இரண்டரைக்குச் சாப்பிட உட்காருகிறார்கள். வெயில் கணக்கில் பார்த்தால் நம் வீட்டில் சோறு போடுகிற நேரம்தான் அது. சாயங்காலமும் அப்படித்தான். இங்கே ஏழு மணிக்கு முன்பே மஃரிபு ஆகிவிடுகிறது. அங்கே ஜூலையில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். வெளிச்சம் இருக்கும்போது ராச்சாப்பாடு யாருக்கு இறங்கும்?

ஏன் இப்படி என்றால், ஸ்பெயின் நாடு லண்டன் வழியாகப் போகிற கிரீன்விச் தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கிறது. நியாயமாக லண்டன் நேரம்தான் அங்கே இருக்க வேண்டும். 1940 மார்ச்சில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனி நேரத்தோடு சேர்த்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் அதைத் திருப்பி வைக்கவில்லை. கோடைக்காலத்தில் இன்னொரு மணி நேரம் வேறு கூடுகிறது. கடிகாரம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். குளிர்காலத்தில் ஒரு மணிக்கே உச்சி வந்தாலும் அவர்கள் இரண்டு மணிக்குத்தான் சாப்பிடுகிறார்கள், வேலை நேரமும் பழக்கமும் அப்படி அமைந்துவிட்டது. ஆனால் கோடையில் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்தச் சூரியக் கணக்கு தெரிந்தால் பாதிக் கலக்கம் போய்விடும்.

மாற்றிக்கொள்ள முடியுமா என்று பயப்படாதே. நம் கரையிலேயே எல்லாரும் ஒரே நேரத்திலா சாப்பிடுகிறார்கள்? பாம்பனிலும் மண்டபத்திலும் நாட்டுப்படகுக்காரர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். நாம் இடியாப்பத்துக்கு மாவு பிசையும்போது அவர்களுக்குக் கடலில் பழைய சோறு முடிந்திருக்கும். நாமும் வருஷத்தில் ஒரு மாதம் நோன்புக்காக மொத்த நேரத்தையும் புரட்டிப்போடுகிறோமே. சஹருக்கு எழுகிறோம், மஃரிபுக்குக் கஞ்சி குடிக்கிறோம், மூன்றாம் நாளே உடம்பு பழகிவிடுகிறது. 2016ல் நோன்பு ஜூனில் வந்தது. பார்சிலோனாவில் இரவு ஒன்பதரைக்கு நோன்பு திறந்தோம். நாங்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கும்போது எதிர்வீட்டு அடுப்படியில் முட்டை அடிக்கிற சத்தம் கேட்கும். அவர்களுக்கு அதுதான் வழக்கமான ராச்சாப்பாட்டு நேரம்.

இனி ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார். காலையில் பால் காபி, கூட ஒரு பிஸ்கட்டோ ரொட்டித் துண்டோ, அவ்வளவுதான். நம்மைப் போல உட்கார்ந்து பசியாறுவது கிடையாது. பதினொரு மணிக்குள் நடுவில் ஒரு ரொட்டி சாப்பிடுவார்கள். பார்சிலோனா இருக்கிற கத்தலோனியாப் பகுதியில் அந்த ரொட்டியைக் கவனித்துப் பார்: பழுத்த தக்காளியைக் குறுக்கே வெட்டி, ரொட்டியின் வெட்டுப்பக்கத்தில் அழுத்தித் தேய்ப்பார்கள். சாறும் விதையும் ரொட்டிக்குள் இறங்கித் தோல் மட்டும் கையில் மிஞ்சும். மேலே ஆலிவ் எண்ணெய், உப்பு. உன் மகன் இதை ஒரு வாரத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். மதியம்தான் பெரிய சாப்பாடு, இரண்டு வகை, பிறகு பழமோ இனிப்போ. ராத்திரி முட்டை, சூப், கொஞ்சம் மீன் என்று லேசாக முடித்துவிடுவார்கள். அரிசிச் சோறு அங்கே மதியத்துக்கு உரியது. ராத்திரி பாயேயா என்கிற அவர்கள் சோற்றைச் சமைத்தால் வயிற்றுக்குக் கனம் என்பார்கள். வெளியே சாப்பிடுவதாக இருந்தால், ஓட்டல் அடுப்பு நாலு மணியோடு அணைந்துவிடும், திரும்ப எட்டு எட்டரைக்குத்தான். ஆறு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சோறு தேடி அலையாதே.

சரி, பிள்ளை விஷயம். பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் பன்னிரண்டரைக்கு மதிய இடைவேளை விட்டு, மூன்று மணிக்குத் திரும்பத் தொடங்கி, நாலரைக்கு முடிக்கிறார்கள். பிள்ளை பள்ளியிலேயே சாப்பிடலாம், வீட்டுக்கும் கூட்டி வரலாம். ஆக, பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு நம்ம ஊர் நேரத்தில்தான் நடக்கிறது. நாலரைக்குப் பள்ளி வாசலில் போய் நில். தாய்மார் ஒவ்வொருவர் கையிலும் அலுமினியத் தாளில் சுற்றிய ரொட்டி இருக்கும். பிள்ளை வெளியே வந்ததும் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ரொட்டியை வாங்கிக் கடித்துக்கொண்டே பூங்காவுக்கு ஓடும். ஒன்பது மணி வரை தாங்குவது இந்தச் சாயங்காலத் தீனியால்தான். நீ இட்லியோ வாழைப்பழமோ எதைக் கொடுத்தாலும் சரி, வெறுங்கையோடு மட்டும் போகாதே. வீட்டில் ஏழரைக்கு மகனுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் "நம் நேரத்துக்கே சாப்பிட்டால் என்ன" என்று கேட்டாயே, அதற்கு என் பதில் இதுதான்: ராத்திரியை உன் வீட்டுக்கு வைத்துக்கொள், மதியத்தை அந்த ஊருக்குக் கொடு. நம் ஆட்கள் சிலர் பன்னிரண்டரைக்கே தனியாகச் சாப்பிட்டு முடித்து, அலுவலகத்தில் எல்லாரும் இரண்டு மணிக்கு எழும்போது மேசையிலேயே இருந்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் வேலை பார்த்தும் பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டில் எத்தனை பிள்ளை என்று தெரியாது. எனக்கு அதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். அங்கே ஸ்நேகமெல்லாம் மதியச் சாப்பாட்டில்தான் ஆரம்பிக்கிறது. உன் வீட்டுக்காரர் டப்பாவில் நம் சோற்றையே கொண்டுபோகட்டும், நிறையப் பேர் வீட்டுச் சாப்பாடுதான் கொண்டுவருகிறார்கள். மீன் ஆணத்தை மட்டும் அலுவலக மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், அது ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்.

விருந்துக்கு அழைத்தால் இதை நினைவில் வை. நம் வீட்டு விருந்தில் பேச்செல்லாம் சோறு வருமுன். கை கழுவினதும் கிளம்பிவிடுவோம், அதுதான் நமக்கு மரியாதை. அங்கே தலைகீழ். சாப்பிட்டு முடிந்து தட்டு எடுத்த பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும், காபியோடு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் மேசையை விட்டு எழமாட்டார்கள். அப்போது நீ எழுந்தால் ஏதோ வருத்தம் என்று நினைப்பார்கள். பன்றியும் மதுவும் வேண்டாம் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடு, அவர்கள் தப்பாக எடுப்பதில்லை, மீன் செய்து வைப்பார்கள். "காய்கறிதான்" என்று சொல்லும் பருப்பிலும் கீரையிலும் ருசிக்காக ஹாம் என்கிற பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும், எண்சாய்மாதா போன்ற இனிப்புகளில் பன்றிக் கொழுப்பு உண்டு. கூச்சப்படாமல் கேள். பள்ளியில் சேர்க்கும்போதும் பன்றி இறைச்சி வேண்டாம் என்பதை எழுதியே கொடு.

கையால் சாப்பிடக் கூச்சமாக இருக்கும் என்றும் எழுதியிருந்தாய். இறாலை அவர்களும் கையால்தான் உரிக்கிறார்கள். குளிர்காலம் முடியும்போது கால்சோட் என்ற நீள வெங்காயத்தைத் தீயில் சுட்டு, கரித்தோலை உருவி, சாற்றில் தோய்த்து, அண்ணாந்து வாய்க்குள் இறக்குவார்கள். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு பெரிய மனிதர்களும் இதைச் செய்வார்கள். வலென்சியா பக்கத்தில் பாயேயாவைச் சட்டியோடு நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் கரண்டியால் சாப்பிடுகிற குடும்பங்கள் உண்டு. முதல்முறை பார்த்தபோது நம் கல்யாண வீட்டில் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்த மாதிரியே இருந்தது எனக்கு. பக்கத்து ஆள் பக்கம் கை நீட்டக் கூடாது என்பதுவரை அதே ஒழுங்கு.

அப்புறம் பெட்டி கட்டுகிற விஷயம். அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் ராவால் பகுதியில் கிடைக்கும், சுமக்காதே. உப்புக்கண்டம், நெய், பால் இனிப்பு எதையும் வைக்காதே. இறைச்சியும் பால் பொருளும் வெளிநாட்டில் இருந்து கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கருவாடு கொண்டு வரலாம், மீனுக்கு ஒரு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. வாசம் வராமல் இரண்டு உறை போட்டுக் கட்டு. நெய் ஊற்றாத தொதல் இனிப்பும் கொண்டு வா, முதல் ஞாயிற்றுக்கிழமை யாராவது மதியத்துக்குக் கூப்பிட்டால் கொடுக்க ஆகும். பச்சை மீன் வாங்க திங்கட்கிழமை சந்தைக்குப் போகாதே. ஞாயிறு படகு கடலுக்குப் போகாததால் நிறைய மீன் கடைகள் அன்று பூட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் போனால் சாளையும் கணவாயும் புதுசாகக் கிடைக்கும்.