படகைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது என்றால் என்ன? தென்னாப்பிரிக்காவில் அது தேவையா?

சில மாதம் ஓடாமல் நிற்கப்போகும் படகின் எஞ்சினில் தேங்கிய தண்ணீரை வடித்து, பெட்ரோலும் ஆயிலும் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் இது. இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.

காரணம் தண்ணீர்தான். உறையும்போது அது சுமார் 9 சதவீதம் பெருகும். கண்ணாடி பாட்டிலை முட்ட நிரப்பி ஃப்ரீசரில் வைத்தால் காலையில் வெடித்துக் கிடக்குமே, அதேதான். படகுக்குள்ளேயே இருக்கும் எஞ்சின்கள் பலவும் அணைத் தண்ணீரையே உறிஞ்சித் தங்களைக் குளிர வைத்துக்கொள்ளும், நிறுத்திய பிறகும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே இருக்கும் வால் (Vaal) அணைப் பக்கம் ஒரு கடும் உறைபனி இரவு வந்தால் எஞ்சினின் உடலான இரும்பு பிளாக்கே விரிசல் விடலாம். என் மச்சான் படகு அப்படித்தான் போனது. செப்டம்பரில் ஸ்டார்ட் செய்துவிட்டு ஆயில் கம்பியை உருவினால், ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது, விரிசல் வழியாகத் தண்ணீர் கலந்துவிட்டது.

அதனால் முதலில் பெட்ரோலில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், ஆயிலை மாற்றுங்கள், அப்புறம் வடிகால் திருகுகளைக் கழற்றுங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் வடிந்துவிட்டது என்று நம்பாதீர்கள், துளையில் துருவோ மணலோ அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். பின்பக்கம் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரா? நேராக நிமிர்த்தி நிறுத்தினால் தானே வடிந்துவிடும். பேட்டரியைச் சார்ஜ் செய்து கழற்றி வையுங்கள்.

டர்பனில் உறைபனியே இல்லை, அப்போ ஒன்றும் செய்யவேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே கடல் உப்பு இருக்கிறது, நல்ல தண்ணீரால் அலசாமல் நிறுத்திய எஞ்சினை அது உள்ளிருந்தே அரிக்கும்.